நாச்சம்மாளின் வெட்டுத்துணி மிருகங்கள்

நாச்சம்மாளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யாரைப் பார்த்தாலும் அவர்களுக்குத் தோதான ஒரு மிருகமோ பறவையோ அவள் மனசில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். வா என்று அவள் அழைப்பதில்லை. போ என்று விரட்டினாலும் அது போகாது. கொள்ளேகாலில் பள்ளிக்கூடம் போன காலத்தில் கணக்கு வாத்தியாரைப் பார்த்து ஓணான் நினைவு வந்து, வாய்விட்டுச் சிரித்து, பெஞ்சு மேல் ஏறி நின்றிருக்கிறாள். கௌதள்ளியிலிருந்து அய்யாசாமி பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான். தொண்டை ஏறி இறங்கக் காராபூந்தியை விழுங்கிக்கொண்டிருந்தவன் அவள் கண்ணுக்கு மாப்பிள்ளையாகத் தெரியவில்லை, கூழைக்கடாவாகத் தெரிந்தான். சிரிப்பு பொங்கிவர உள்ளே ஓடிவிட்டாள். பெண்ணுக்கு என்ன வெட்கம் என்று பெரியவர்கள் பூரித்துப்போய் அன்றைக்கே தாம்பூலம் மாற்றிவிட்டார்கள்.

கல்யாணமான பிறகு அவனிடமே இதைச் சொன்னாள். அய்யாசாமி கோபித்துக்கொள்ளவில்லை.

"கூழக்கடான்னா மீனு நல்லாப் புடிக்குமில்ல?" என்று மட்டும் கேட்டான்.

அந்த மாதிரி மனுஷன் அவன். இவளுடைய குறும்பு வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மைசூருக்குக் குடி வந்ததும் அந்தப் பழக்கத்துக்குத் தீனி கூடிப்போயிற்று. வீடு இட்டிகேகூட்டில், மிருகக்காட்சி சாலை மதிலுக்கு இரண்டு தெரு தள்ளி. சிங்கம் கத்தினால் பால்காரன் வரும் நேரமாயிற்று என்று பெண்கள் எழுந்து வாசல் தெளிப்பார்கள். கௌரம்மா காம்பவுண்டு என்று அந்த இடத்துக்குப் பெயர். முன்னால் வீட்டுக்காரி கௌரம்மாவின் பெரிய வீடு. பின்னால் வாடகைக்கு விட்ட சின்ன வீடுகள் வரிசையாக. நடு முற்றத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, எல்லார் துணியும் காய்கிற ஒரே கொடி. குழாய்க்குப் பூட்டு உண்டு. சாவி கௌரம்மாவின் இடுப்பில் தொங்கும்.

நாச்சம்மாள் ஜன்னலோரமாகத் தையல் மிஷினைப் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். அந்தத் தெருவில் அவள் கை படாத ஜாக்கெட் குறைவு. வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளைத் தலையணைக்கு அடைக்கலாம் என்று மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். அய்யாசாமி ஊதுபத்தி கம்பெனியில் பேக்கிங் மேஸ்திரி. நசுங்கிப்போன அட்டைப் பெட்டிகளை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் அடுக்குவான். அதனால் அவர்கள் வீட்டில் எப்போதும் மல்லிகையும் சந்தனமும் கலந்த ஒரு வாசனை, பூஜை நடக்காமலே நடந்த மாதிரி.

தொண்ணூற்று நான்காம் வருஷம் ஆடி மாசம் மழை நசநசவென்று பிடித்துக்கொண்டது. மிஷின் பெல்ட் அறுந்துவிட்டது. ரிப்பேர்க்காரன் இதோ வருகிறேன் என்றவன் வரவேயில்லை. சும்மா உட்கார நாச்சம்மாளுக்குத் தெரியாது. ஒரு பெட்டியைப் பிரித்து அட்டையைத் தரையில் விரித்தாள். மைதாவைப் பசையாகக் காய்ச்சினாள். மூட்டையிலிருந்து கறுப்பு ரூபியாத் துணித் துண்டுகளைப் பொறுக்கி ஓர் எருமையை ஒட்டினாள். உடம்பு தட்டையாக இருக்கிறதே என்று, அய்யாசாமி ஊதுபத்திக்கென்று வைத்திருந்த கரித்தூளைப் பசையில் குழைத்து முதுகில் அப்பினாள். மேடு தட்டிற்று. அழுத்திப் பிடிக்கும் பட்டனைக் கண்ணாக வைத்ததும் எருமை அவளை முறைத்துப் பார்த்தது. கணக்கு வாத்தியாருக்கு அப்புறம் அவள் அவ்வளவு சிரித்தது அன்றைக்குத்தான்.

அதோடு பிடித்தது பைத்தியம். துணிக்கு மேல் சாயம், சாயத்துக்கு மேல் துணி. சலவை நீலம் ஆகாயமாயிற்று. மஞ்சள்தூளும் சுண்ணாம்பும் சேர்ந்து செம்மண்ணாயிற்று. காப்பி டிகாக்‌ஷன் மரத்தின் பட்டையாயிற்று. கௌரம்மா வீட்டுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய டிஸ்டெம்பர் டப்பா ஒன்று அவள் கைக்கு எப்படியோ வந்து சேர்ந்தது. முட்டை ஓட்டை நொறுக்கி முதலையின் தோலுக்கு ஒட்டினாள். ஜாக்கெட் கொக்கிகள் கழுகின் நகங்களாயின.

அட்டை பெரிசாகப் பெரிசாக அவளுடைய பழைய புத்தி மெல்லத் தலை நீட்டிற்று. மிருகக்காட்சி சாலை முழுவதையும் ஒரே அட்டையில் கொண்டுவந்தாள். மரத்தில் ஒரு கிளி. அது பக்கத்து வீட்டு பசம்மா. கோர்ட் குமாஸ்தாவின் மனைவி. ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் அப்படியே ஒப்பிப்பாள். குளத்தங்கரையில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு ஒரு கொக்கு. அது கோடி வீட்டு ஜயம்மா. மேல்கோட்டைக்காரர்கள். மடி உடுத்திக்கொண்டு வருகிறபோது யார் மேலும் எதன் மேலும் பட்டுவிடாமல் முற்றத்தைத் தாண்டுவது ஒரு வித்தை. மண்மேட்டில் ஆமை. அது கௌரம்மாவின் புருஷன் கெம்பையன். காட்டிலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேப்பருக்குப் பின்னால் போனால் சாப்பாட்டுக்குத்தான் தலையை வெளியே நீட்டுவார். நட்டநடுவில், குளத்து நீரைப் பூராவும் தனக்கென்று பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி ஒரு நீர்யானை. அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

விஷமம் அங்கேதான் இருந்தது. ஒருவர் முகமும் அதில் இல்லை. அவரவர் ஜாக்கெட் வெட்டிய மிச்சத்தில் அவரவரை ஒட்டியிருந்தாள். கிளிக்கு பசம்மாவின் கிளிப்பச்சை. கொக்குக்கு ஜயம்மாவின் இங்க் நீலம், வெள்ளைக் கோடு போட்டது. ஆமைக்கு கெம்பையனின் அரைக்கைச் சட்டை தைத்த சாம்பல் துணி. நீர்யானைக்கு கௌரம்மாவின் பாக்கு நிறத் துணி, மஞ்சள் பொட்டு வைத்தது.

அய்யாசாமிக்கு இது புரியவில்லை. பெண்டுகள் ஜாக்கெட்டை அவன் எங்கே கவனித்தான்? "நெசமான ஜூவாட்டவே இருக்குது புள்ளே" என்றான். நாச்சம்மாள் அட்டையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். மிஷினை மிதிக்கும்போதெல்லாம் அதை நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள்.

நவராத்திரிக்கு முன்னால் தங்கையின் வளைகாப்புக்கு அவள் கொள்ளேகால் போக வேண்டியிருந்தது. அவள் அந்தப் பக்கம் பஸ் ஏறியதும் இந்தப் பக்கம் கௌரம்மா அய்யாசாமியைக் கூப்பிட்டாள். கௌரம்மா பேசுவது கன்னடம். தமிழ்க் குடித்தனக்காரர்களோடு பேசும்போது மட்டும் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்குவாள்.

"அய்யாசாமி, பொம்மைப் படிக்குப் பின்னால சுவரு பெயர்ந்திருக்கு. மறைக்க உங்க கம்பெனி அட்டை தொட்டதா, பெருசா ஒண்ணு இதெயா?"

அய்யாசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. "வெறும் அட்டை எதுக்குங்மா? எங்கூட்டுல படமே இருக்குதுங்."

கொள்ளேகாலிலிருந்து நாச்சம்மாள் திரும்பி வந்த சாயங்காலம் கௌரம்மா வீட்டுக் கூடத்தில் தெருப் பெண்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவள் ஒற்றைச் செருப்போடு நின்றுவிட்டாள். மரப்பாச்சி ராஜாவுக்கும் ராணிக்கும் மேலே, விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று அவளுடைய நீர்யானை. அதற்கு நேர் கீழே, குங்குமத் தட்டோடு, அதே பாக்கு நிறத்தில் மஞ்சள் பொட்டு ஜாக்கெட் போட்டுக்கொண்டு கௌரம்மா.

"வாம்மா வா! எத்தனை சென்னாகி செஞ்சிருக்கே! சொல்லவே இல்லையே நீ" என்று கௌரம்மா அவளை வாயார வரவேற்றாள். நாச்சம்மாள் கதவோரமாக, சட்டென்று எழுந்து ஓடத் தோதான இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். ஊறிய பயத்தம்பருப்பில் தேங்காய் போட்ட கோசம்பரி வந்தது. கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

எல்லாரும் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். பசம்மா மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படத்துக்குக் கிட்டே போனாள். துணி விஷயத்தில் அவள் கண் போலீஸ் நாய்.

"இந்தக் கொக்கு போட்டிருக்கிறது ஜயம்மாவோட ஜாக்கெட் அல்லவா? போன வருஷம் யுகாதிக்குத் தைச்சது?"

கூடம் கொல்லென்று சிரித்தது. ஜயம்மா சிரிக்கவில்லை. அவளும் எழுந்து வந்து படத்தைப் பார்த்தாள். "கொக்கு கிடக்கட்டும். மரத்துமேலே உக்காந்துண்டு கத்தறதே கிளி, அது யாரோட பச்சை?" என்றாள்.

மறுபடி கொல். அடுத்தது ஆமை. மூலையில் பேப்பருக்குப் பின்னால் இருந்த கெம்பையனைப் பார்த்து ஒரு சிரிப்பு. ஒவ்வொருத்தியும் அடுத்தவளுக்காகச் சிரித்து, தன் துணி வந்ததும் வாயை மூடினாள். கடைசியாக எல்லார் கண்ணும் ஒரே சமயத்தில் நீர்யானை மேல் போய் நின்றன. அங்கிருந்து மெல்லக் கீழே இறங்கி கௌரம்மாவின் தோள் மேல் நின்றன. மறுபடி மேலே போயின.

ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். இன்னொருத்திக்குப் புரையேறிற்று. கௌரம்மா படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஏனாயித்து? எதுக்கு இப்படிச் சிரிக்கிறீங்க?" என்று கேட்டபடி திரும்பினாள். பார்த்தாள். குனிந்து தன் தோளைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள்.

மூலையில் பேப்பர் சரசரத்தது. கெம்பையன் தலையை வெளியே நீட்டினார். நீர்யானையையும் மனைவியையும் பொறுமையாக மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "மூகு கரெக்டாகி பந்திதெ" என்றார். மூக்கு சரியாக வந்திருக்கிறதாம். சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார்.

கௌரம்மா கத்தவில்லை. மீதிப் பேருக்கும் குங்குமம் கொடுத்து, வெற்றிலைபாக்கு கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அதுதான் நாச்சம்மாளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் குழாயைத் திறக்க கெம்பையன் வந்தார். அந்தக் காம்பவுண்டின் சரித்திரத்தில் சாவி இடம் மாறியது அதுவே முதல் தடவை. பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஆட்டோ ஏறி எங்கோ போனார்கள்.

"போலீசுக்குப் போறாங்களோ என்னமோ" என்றாள் நாச்சம்மாள்.

"படம் வரைஞ்சதுக்கெல்லாம் புடிக்க மாட்டாங்க புள்ளே. வேற வூடு வேணும்னாப் பாக்கலாம். அது செரி, எல்லாரும் எதுக்கு அப்படிச் சிரிச்சாங்க?" என்றான் அய்யாசாமி. அவனுக்கு இன்னமும் விளங்கவில்லை.

சாயங்காலம் வாசலில் நிழல் தட்டிற்று. கௌரம்மா. பின்னால் அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கெம்பையன்.

"இன்னைக்கு ஜூவுக்குப் போயி அதை நோடிட்டு வந்தேன்" என்றாள் கௌரம்மா. குரலில் சூடு இருந்தது. "பாயி திறந்தா உள்ளே ரோஸ் கலரு. நீ கறுப்புத் துணி வச்சிருக்கே. எனக்கு என்ன, வாய் கறுப்பா?"

முந்தானைக்குள்ளிருந்து ஒரு துண்டு ரோஜா நிற சாட்டினை எடுத்து மிஷின் மேல் போட்டாள்.

"இதை வை. பல்லும் சரியில்ல. பெருசா, வெளுப்பா வை. நாளைக்குப் பூஜைக்கு முன்னால வேணும்."

நாச்சம்மாள் சாட்டினைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, உங்களுக்குக் கோபம் இல்லீங்களா?"

"நேத்து இருந்தது. இன்னைக்கு அங்கே நிந்துகொண்டு பார்த்தேன். எல்லா ஜனமும் அதுக்கு முன்னாலதான். கத்துறாங்க, கூப்பிடுறாங்க. அது யாரையும் திரும்பியே பார்க்கல. தண்ணிக்குள்ள ஹாயா இருந்தது." கௌரம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "பிடு, விடு. எனக்குப் பிடிச்சுப் போச்சு."

விஷயம் தெருவெல்லாம் பரவிற்று. நீர்யானையைப் பார்க்கவே கௌரம்மா வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். பார்த்தவர்களுக்குத் தாங்களும் அட்டையில் ஏற வேண்டும் என்று ஆசை. எல்லாருக்கும் மயிலாகத்தான் இருக்க வேண்டும். "மயிலு மட்டுமே இருந்தா அது ஜூ இல்லீங்க, கோயிலு" என்று நாச்சம்மாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அடுத்த வீதியிலிருந்து ஒருத்தி பட்டுத் துண்டோடு வந்து மானாவது வேண்டும் என்று அடம்பிடித்தாள். ஜயம்மாகூட ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே ஒதுங்கி நின்றபடி, "கொக்கா இருக்கறதிலே எனக்கு ஆட்சேபணை இல்லே. அன்னமாப் பண்ணிட்டா உனக்கென்ன நஷ்டம்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இதுவரைக்கும் சிரிப்புத்தான். அதற்கப்புறம் ஒரு நாள் மத்தியானம் பசம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மடியிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்தாள். செங்கல் நிற வாயில் துணி.

"நாச்சம்மா, யாருக்கும் ஹேளபேடா. சொல்லக்கூடாது. இது என் ஓர்ப்படியாளோட சீரை. இவளை நீ கத்தெ மாடு."

கன்னடத்தில் கத்தெ என்றால் கழுதை. மாடு என்றால் செய். நாச்சம்மாளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் புத்தி சும்மா இருக்குமா?

"கழுதையா, மாடா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்கக்கா."

"கத்தெ! கத்தெ! காது நீளமா இருக்கணும்" என்று பசம்மா பல்லைக் கடித்தாள்.

துண்டின் ஒரு பக்கம் கோணல்மாணலாக வெட்டியிருந்தது. தையற்காரி கண்ணுக்கு அது போதும். தைத்த மிச்சம் அல்ல அது. கொடியில் காய்ந்த புடவையின் ஓரம். நாச்சம்மாள் அதை ஓர் ஊதுபத்தி டப்பாவில் போட்டு மூடினாள். வாங்காமல் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தக் கழுதைக் காதை நினைத்ததும் உள்ளே ஏதோ குறுகுறுவென்றது.

இரண்டொரு நாளில் ஜயம்மா வந்தாள். கையில் அடுப்பங்கரை இடுக்கி. இடுக்கி நுனியில் ஒரு கிளிப்பச்சைத் துண்டு. மடிக்குப் பங்கம் வராமல் திருடியிருந்தாள்.

"பசம்மாவோட துண்டுதான். ரொம்பப் பேசறா. இவளைக் கழுதையாப் பண்ணேன், பார்ப்போம்" என்று சொல்லி, டப்பாவுக்குள் இடுக்கியை விட்டு உதறிவிட்டுப் போனாள்.

பிறகு பசம்மாவின் ஓர்ப்படியாளே வந்தாள், பசம்மாவின் உள்பாவாடை நாடாவோடு. மானாக ஆசைப்பட்டவள், ஜயம்மாவின் நீலத்தில் ஒரு மூலையோடு வந்தாள். எல்லாருக்கும் கழுதைதான். மயிலுக்கு ஆசைப்பட்ட தெரு, இப்போது அடுத்தவளுக்கென்று ஒரே குரலில் கழுதை கேட்டது.

எதிர்பாராமல் வந்தவர் கெம்பையன். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தரிப்பூ நிறத் துண்டை எடுத்தார். கௌரம்மா விசேஷத்துக்கு மட்டும் உடுத்துகிற புடவையின் தலைப்பு ஓரம். நாச்சம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கழுதைங்களாய்யா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "ஜிங்கெ" என்றார். மான். கொஞ்சம் நின்று, "சின்னதாப் போதும். அவளுக்குத் தெரியக்கூடாது" என்று கிட்டத்தட்டக் கெஞ்சினார். அவர் அவ்வளவு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதே இல்லை.

இப்படி டப்பாக்கள் நிறைய நிறைய, கொடியில் காய்ந்த துணிகளில் ஓட்டை விழுந்தது. ஒருத்தியின் முந்தானையில் மூலையைக் காணோம். ஒருத்தியின் துண்டில் ஜன்னல். எலி என்றார்கள் முதலில். எலி கத்தரிக்கோலால் வெட்டுமா? மார்கழி வந்தபோது கொடியே வெறிச்சென்று ஆகிவிட்டது. எல்லாரும் ஈரத்துணியை வீட்டுக்குள்ளேயே கட்டித் தொங்கவிட்டார்கள். குனிந்து குனிந்து நடந்தார்கள். யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. திருடியவர்களே எல்லாரையும்விட உரக்கச் சத்தம் போட்டார்கள். அதிலும் பசம்மா, "கத்தரி யார் வீட்டில் இருக்கு? துணித் துண்டு யாருக்கு வேணும்?" என்று முற்றத்தில் நின்று நாச்சம்மாள் வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்.

நாச்சம்மாள் கத்தரியை எடுத்து மிஷினுக்கடியில் ஒளித்தாள். ஊருக்கெல்லாம் வெட்டிக் கொடுத்தவள் கடைசியில் தானே வெட்டுப்படப் போகிறாளா?

கத்தரிப்பூப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்த அன்று கௌரம்மா புலியானாள். நேரே வந்து மிஷின் பக்கத்தில் நின்றாள். "சங்கராந்திக்குள்ள யாரு வெட்டினதுன்னு எனக்குத் தெரியணும். இல்லாட்டி வீட்டைக் காலி பண்ணு." வாசலுக்கு வெளியே கெம்பையன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே அய்யாசாமி சொன்னான்: "பேசாம யாரு யாரு கொண்டாந்தாங்கன்னு சொல்லிப்போடு."

"சொன்னா இந்தக் காம்பவுண்டுல அடுப்பு எரியாதுங்க, வூடுதான் எரியும். அந்தப் பெரியவரு பாவம், ஆமையாட்ட ஓட்டுக்குள்ளயே இருந்தவரு. அவரக் காட்டிக் குடுக்கறதா?"

"அப்ப என்ன பண்ணப்போறே?"

நாச்சம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அய்யாசாமிக்குத் தெரியும். சோற்றைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

கேட்டவர்களுக்கெல்லாம் நாச்சம்மாள் ஒரே பதில் சொன்னாள்: "கழுத சங்கராந்திக்கு ரெடியாயிரும். கௌரம்மா வூட்டுக் கூடத்துக்கு வாங்க. ரகசியமா வெச்சுக்கங்க." கௌரம்மாவிடம் போய், சங்கராந்தி அன்று கூடத்தில் எல்லார் முன்னாலும் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்தாள்.

சங்கராந்திக்கு வீடு வீடாகக் கொடுக்கிற எள்ளும் வெல்லமும் சர்க்கரை அச்சும் எடுத்துக்கொண்டு அந்த வருஷம் வந்தது போல் பெண்கள் எந்த வருஷமும் வந்ததில்லை. ஒவ்வொருத்தி முகத்திலும் ஒரு கள்ளச் சிரிப்பு. தன் எதிரி எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று முதலில் பார்த்து, அவள் முகம் நன்றாகத் தெரியும் இடமாகத் தேடி உட்கார்ந்தார்கள். சுவரில் பெட்ஷீட் போர்த்திய பெரிய அட்டை. நாச்சம்மாள் பெட்ஷீட்டை இழுத்தாள்.

கழுதை. ஒரே ஒரு கழுதை. அட்டை கொள்ளாத பெரிய கழுதை. கரித்தூளும் மணலும் குழைத்துப் பூசிய முதுகு, வாலில் தேங்காய் நார், வாயில் ஒரு வாய் நிஜ வைக்கோல். காதுகள் செங்கல் நிற வாயில் துணி. கழுத்து கிளிப்பச்சை. வயிறு இங்க் நீலம், வெள்ளைக் கோடு போட்டது. கடிவாளம் உள்பாவாடை நாடா. நெற்றியில் பொட்டு மாதிரி கத்தரிப்பூத் துண்டு. கொண்டுவந்து கொடுத்த துணி ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

பசம்மா முதலில் காதைப் பார்த்துப் பூரித்தாள். கண் கழுத்துக்கு இறங்கியது. காணாமல் போன தன் துண்டு. அதற்குக் கீழே தன் நாடா. வாயைத் திறந்தாள். அப்படியே மூடினாள். ஜயம்மா கழுத்தைப் பார்த்து மெல்லச் சிரித்தவள், வயிற்றுக்கு வந்ததும் கையிலிருந்த சர்க்கரை அச்சை மறந்தாள். கூடம் முழுக்க வாய்கள் திறந்து திறந்து மூடின. திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு அந்தக் கூடத்தில் பார்க்கலாம்.

கத்த முடிந்தவள் கௌரம்மா ஒருத்திதான். யாரிடமும் எதையும் வெட்டாதவள். "நன்ன சீரை! என் புடவை! யாரு? யாரு வெட்டினது?"

நாச்சம்மாள் பவ்யமாகக் கைகட்டிக்கொண்டாள். "அம்மா, வாக்குக் குடுத்தபடி சொல்லிப்போடறேன். ஆனா வரிசையாத்தான் சொல்லணும். இதுல யாரு துணியெல்லாம் இருக்குதோ அவங்க முதல்ல முன்னால வந்து, இது என்னுதுன்னு சொல்லட்டும். அதைக் கொண்டாந்து குடுத்தது யாருன்னு அப்பவே சொல்றேன். பசம்மாக்கா, இந்தப் பச்சை உங்களுதுங்களா?"

பசம்மா திடுக்கிட்டாள். அதே பச்சை ஜாக்கெட்டைத்தான் போட்டிருந்தாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "நன்னதா? இல்லப்பா, இல்லவே இல்ல. என்னோடது வேற பச்சை" என்றாள்.

"ஜயம்மாங்க?"

"இந்த மாதிரி நீலம் கடையிலே எத்தனையோ வரது" என்றாள் ஜயம்மா, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

ஓர்ப்படியாளுக்குத் தன் புடவை எது என்றே நினைவில்லையாம். மானாக ஆசைப்பட்டவளுக்கு வீட்டில் பால் பொங்குகிற ஞாபகம் வந்துவிட்டது.

கௌரம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு வறட்டு இருமல் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பினாள். பேப்பர் இலேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. வெகு நேரம் அதையே பார்த்தாள். என்ன புரிந்துகொண்டாளோ, இடுப்புச் சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கத்தெ சென்னாகிதெ" என்றாள் கடைசியில். "கழுதை நல்லா இருக்கு. குழாய்க்கு மேல மாட்டு. தினமும் தண்ணி பிடிக்கும்போது எல்லாரும் பார்க்கட்டும்."

மறுநாளே துணிகள் கொடிக்குத் திரும்பின. ஓட்டை எதுவும் அப்புறம் விழவில்லை. தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் கொஞ்ச நாள் கழுதையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பிறகு பசம்மாதான் முதலில் சிரித்தாள். இடுக்கி விவகாரம் எப்படியோ அவள் காதுக்குப் போயிற்று. "பகவந்தா! என் துண்டை இடுக்கில பிடிச்சாளா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜயம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன மான் ஒன்றை நாச்சம்மாள் ஒரு சாயங்காலம் கெம்பையனிடம் கொடுத்தாள். அது எங்கே போயிற்று என்று தெரியாது. ஆனால் பழைய பேப்பர்காரன் வரும்போதெல்லாம் அவர் ஒரு பேப்பர்க் கட்டை மட்டும் எடைக்குப் போட விடுவதில்லை.

கழுதை சித்திரை வரை இருந்தது. கோடை மழையில் நனைந்து மைதாப் பசை ஊறி மணக்கத் தொடங்கியதும், தெருவில் திரிகிற மாடு ஒன்று கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. யாரும் பார்ப்பதற்குள் காது, கழுத்து, பாதி வயிறு எல்லாவற்றையும் தின்றுவிட்டு, நாடாவை வாயில் தொங்கவிட்டபடி நின்றது. பெண்கள் ஓடிவந்து சுற்றி நின்றார்கள். யாரும் விரட்டவில்லை. "தின்னட்டும், புண்ணியம்" என்றாள் ஜயம்மா. நாடா மாட்டுக்கு ஆகாது என்று பசம்மா மட்டும் வாயில் கைவிட்டு அதைப் பிடுங்கி எடுத்தாள்.

அன்று மத்தியானமே அவர்கள் நாச்சம்மாள் வீட்டுக்கு வந்தார்கள், கதவைச் சாத்தாமல், அவரவர் சொந்தத் துணித் துண்டுகளோடு. "அடுத்த படம் எப்போ?" என்று கேட்டார்கள். மிருகம் எது என்று ஒருத்தியும் சொல்லவில்லை. அதை அவளிடமே விட்டுவிட்டார்கள். கௌரம்மா மட்டும், நான் நீர்யானையாகவே இருந்துகொள்கிறேன் என்று சொல்லி ரோஜா சாட்டின் இன்னொரு முழம் கொடுத்தாள்.

புதுப் படத்தில் நாச்சம்மாள் முதலில் ஒட்டியது அந்த மாட்டைத்தான். நல்ல வாட்டசாட்டமான மாடு. உடம்புக்கு மூட்டையில் எவ்வளவு தேடியும் தோதான துணி கிடைக்கவில்லை. அப்புறம் கிடைத்தது.

சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்து கைகால் கழுவிய அய்யாசாமி, இடுப்பில் துண்டோடு வீடு முழுக்கத் தேடினான்.

"ஏ புள்ளே, என்ற கட்டம்போட்ட லுங்கி எங்கே?"

நாச்சம்மாள் பசை கிண்டிக்கொண்டிருந்தாள், திரும்பாமலே சொன்னாள்:

"மாடு கட்டிக்கிட்டு நிக்குதுங்க."